கோண்டாவில் வீட்டுப் பிளானுக்குப் பதில், மகளுக்கு

பிள்ளை, யாழ்ப்பாணத்துக் கோண்டாவில் வீட்டை முழுக்க இடிச்சு மேல்வீடு கட்ட எண்டு நீ அனுப்பின பிளான் பாத்தனான், அப்பாவும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனைப் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பாத்தவர். உடன பதில் போடேல்லை எண்டு கோவிக்காதை, இது ஓம் இல்லை எண்டு ஒரு சொல்லில முடியிற விசயம் இல்லைத்தானே. அதுக்கு முதல் இதைக் கேள், ஞாயிறு நானும் அப்பாவும் ஓபர்ஹோஃபன் கோட்டைக்குப் போனனாங்கள். இஞ்ச சுவிஸில தூன் ஏரிக்கரையில, இன்டர்லாக்கன் போற பஸ்ஸில இருந்து எத்தினையோ தரம் பாத்திருப்பம், தண்ணிக்குள்ள ஒரு குட்டிக் கோபுரம் நிக்குமே, அதுதான். இவ்வளவு காலமும் உள்ள போகேல்லை, லீவு நாளில வீட்டில படுத்தாக் காணும் எண்டு இருந்த உடம்பு.

தூனில ட்ரெயினால இறங்கினா ஸ்டேசனுக்கு முன்னாலயே கப்பல். எங்கட அதிட்டம் அண்டைக்கு ப்ளூம்லிசால்ப் வந்தது, 1906இல செய்த நீராவிக் கப்பல், பக்கத்தில சில்லுச் சுத்தி ஓடுறது, 1971இல நிப்பாட்டிப் போட்டு பிறகு ஆக்கள் சேந்து திருத்தி 1992இல திரும்ப ஓட விட்டவையாம். நடுவில மெசின் சுத்துறதை மேல நிண்டு பாக்கலாம், அப்பா அதிலயே நிண்டவர், நீசன் மலையையும் பாக்கேல்லை ஒண்டையும் பாக்கேல்லை, இறங்குற இடம் வந்திட்டுது எண்டு நான்தான் இழுத்துக்கொண்டு வந்தனான்.

கோட்டை எண்டா என்ன, நடுவில இருக்கிற சதுரக் கோபுரம்தான் பழசு, 13ஆம் நூற்றாண்டுத் தொடக்கமாம், மிச்சம் எல்லாம் வந்தவை வந்தவை ஒட்டினது. முந்தி ஏஷன்பாக் எண்டொரு குடும்பம், அதில ஒருத்தர் வால்ட்டர், 1308இல ஜேர்மன் ராசா ஆல்பிரெக்டைக் கொலை செய்த கூட்டத்தில இவரும் ஒராள். பிறகு ஒஸ்ட்ரியாவை ஆண்ட ஹாப்ஸ்பூர்க் குடும்பத்து ஆக்கள், 1386இல பேர்ன்காரர் பிடிச்சவை, பிறகு பெரிய குடும்பங்கள் மாறி மாறி வைச்சிருந்து, 1652இல இருந்து 1798 மட்டும் பேர்ன் அரசாங்கத்தின்ர அதிகாரி இருந்து வரி வாங்கின இடம். இதெல்லாம் உனக்கு அலுப்பா இருக்கும், எனக்கும் அலுப்பாத்தான் இருந்தது, 1844 வரைக்கும்.

1844இல பூர்த்தலேஸ் எண்ட பிரபு குடும்பத்தின்ர கையுக்கு வந்தது. ஆல்பேர்ட் எண்டு அவையின்ர ஆள், பிரஷ்யா எண்ட அந்தக்கால ஜேர்மன் அரசின்ர தூதரா துருக்கியில கொன்ஸ்தாந்திநோபிளில, இப்பத்தய இஸ்தான்புல்லில, இருந்தவர். கோட்டையை இப்ப நாங்கள் போட்டோ எடுக்கிற வடிவத்துக்குக் கொண்டுவந்ததில அவற்ர பங்குதான் பெரிசு. அவர் என்ன செய்தவர் தெரியுமே, அந்தப் பழைய கோபுரத்தின்ர உச்சியில, 1855இல, துருக்கி முறையில சுருட்டுக் குடிக்கிற அறை ஒண்டு கட்டினவர்! ஏறி ஏறி முழங்கால் போச்சு, மேல போய்ப் பாத்தா சுவரோரமாத் தாழ்ந்த மெத்தை இருக்கை, மர வேலைப்பாடு, யன்னலால பாத்தா ஏரியும் மலையும். கீழ ஒரு தட்டில பழைய மாதாகோயில், சுவரில 15ஆம் நூற்றாண்டுப் படங்கள், மேல துருக்கி. நான் சிரிச்சிட்டன். மனுசனுக்குக் கூச்சமே இல்லை, ஆனா அவர் செய்த ஒரு நல்ல காரியம், கோபுரத்தை இடிக்கேல்லை, அதுக்கு மேலதான் ஏறினவர்.

அவருக்குப் பிறகு வீடு மகளுக்குப் போனது பிள்ளை, ஹெலெனா, ஃபெர்டினாண்ட் ஃபொன் ஹாராக் எண்டு படம் கீறுற ஆளைக் கட்டினவ. எங்கட சீதன வீடு மாதிரித்தான் எண்டு அப்பாட்டச் சொன்னன், அவர் ஒண்டும் பேசேல்லை. பிறகு 1925இல வில்லியம் மோல் மீஸி எண்ட அமெரிக்க வக்கீல் வாங்கி, 1940இல அறக்கட்டளை ஆக்கி விட்டவர், அதாலதான் இண்டைக்கு நாங்களும் ரிக்கற் எடுத்து உள்ள போகக்கூடியதா இருக்கு.

உள்ள பேர்ன் பணக்காரர் எப்பிடி இருந்தவை எண்டுதான் மியூசியம், சாப்பாட்டு மேசை, அலுமாரி, புத்தக அறையில மரத்தில செதுக்கின வேலை, அவையின்ர வேலைக்காரர் இருந்த விதமும் காட்டினம். நான் கிளீனிங் செய்த பொம்பிளை எல்லே, உந்த மரச் செதுக்கலுக்குள்ள தூசி எப்பிடி எடுக்கிறாளவை எண்டுதான் யோசிச்சுக்கொண்டு நிண்டனான்.

தோட்டம் வடிவு. இங்கிலீஸ் முறையில விட்ட பெரிய மரங்கள், தண்ணி ஓரமாப் பூப்பாத்தி, பிள்ளையளுக்கெண்டு கட்டின குட்டி மர வீடு, உன்ர மகன் கண்டா வெளியில வரமாட்டான். அந்த மரத்துக்குக் கீழ இருந்து கட்டிக்கொண்டு போன புளிச்சாதமும் முட்டையும் சாப்பிட்டம், ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை. கோடைக்கு வா, குளிருக்கு மியூசியம் பூட்டு.

இப்ப வீட்டு விசயம். கோண்டாவில் வீட்டை முழுக்க இடிச்சு மேல்வீடு கட்டுறன் எண்டு பிளான் கீறி வைச்சிருக்கிறாய், அது உன்ர வீடு, அம்மம்மா எனக்குத் தந்தவ, நான் உனக்குத் தாறன், கட்டு. குசினியை இடி, பின் அறையள் ரெண்டையும் இடி, சண்டையில செல் பட்டு ஓட்டை விழுந்த சுவரை நான் ஒரு நாளும் கட்டிப்பிடிச்சுக்கொண்டு இருக்கமாட்டன். ஏசி போடு, மாபிள் போடு, மேல துருக்கி அறை கட்டினாலும் எனக்கு ஒண்டுமில்லை. முன் விறாந்தையையும் அந்த நாலு தூணையும் சாமியறையையும் மட்டும் விடு. அதுகளை உள்ள வைச்சு மற்றதைச் சுத்திக் கட்டலாம், அதை நான் கண்ணால பாத்திட்டு வந்துதான் சொல்லுறன்.

பிளான் கீறின தம்பி ஏலாது எண்டுவார், இடிச்சுப் போட்டுக் கட்டுறது அவைக்குச் சுகம். அத்திவாரத்தைத் தோண்டிப் பாக்கச் சொல்லு முதல், அம்மப்பா காலத்துச் சுண்ணாம்புக் கல்லு, அது தாங்கும். அப்பா சொல்லுறார் மேல மூண்டு பாத்ரூம் வேண்டாமாம், ரெண்டு காணுமாம், கிணத்துத் தண்ணி கோடையில வத்துறது உனக்குத் தெரியாதாம். தம்பி கூடக் காசு கேட்டா அவற்ர நம்பரை எனக்கு அனுப்பு, நான் கதைக்கிறன்.

அம்மா