எல்லையில் விசா கட்டணம்: டாலர் கையில் இருக்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நூற்றெட்டுத் திவ்விய தேசங்களுள் ஒன்றான, நேபாளத்திலுள்ள முக்திநாத்துக்குக் கோரக்பூர் வழியாகத் தரைமார்க்கமாகச் செல்லும் மலேசியத் தமிழர்கள், இந்தியாவின் சுனௌலியைக் கடந்து நேபாளத்தின் பெலஹியா குடிநுழைவு அலுவலகத்தில் விசா பெறுகின்றனர். உடன் வரும் இந்தியக் குடிமக்களுக்கு விசா தேவையில்லை என்பதால், பயண ஏற்பாட்டாளர்கள் பலர் இந்தக் கட்டணத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை. பதினைந்து நாள்களுக்கு 30, முப்பது நாள்களுக்கு 50, தொண்ணூறு நாள்களுக்கு 125 என அது அமெரிக்க டாலரில் விதிக்கப்படுகிறது.

ரிங்கிட்டும் இந்திய ரூபாயும் மட்டுமே கையிலிருக்கும் முதியவர்கள், எல்லைத் தெருவின் நாணய மாற்றுக் கடைகளில் கேட்ட விலைக்கு டாலர் வாங்க நேர்வதைக் கண்டு மனம் வருந்தினேன். பேருந்து காத்திருக்கும்போது பேரம் பேச யாருக்கு மனம் வரும்? இத்தனைக்கும் ஓர் இந்திய ரூபாய்க்கு 1.60 நேபாள ரூபாய் என்ற நிலையான மதிப்பு 1993 முதல் நடப்பில் உள்ளது. ஆனால் டாலருக்கு அத்தகைய பாதுகாப்பு இல்லை.

ஆகவே, கிழியாத, கறைபடியாத டாலர் தாள்களைச் சில்லறையாகவே ஊரிலிருந்து கொண்டுவருமாறு ஏற்பாட்டாளர்கள் பயண அறிவிப்பிலேயே தெரிவிக்க வேண்டும். நேபாளக் குடிநுழைவுத் துறையின் இணையதளத்தில் விண்ணப்பத்தை முன்னதாக நிரப்பவும் முதியவர்களுக்கு அவர்கள் உதவ வேண்டும். அன்றைய மாற்று விகிதத்தை அலுவலக வாசலில் பல மொழிகளில் எழுதி வைக்குமாறு நேபாள அரசை நம் தூதரகம் கேட்டுக்கொள்வதும் அவசியம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கிள்ளான்.