இரைச்சல் என்று சொன்னாயே

கடியபட்டணம்
ஞாயிறு இரவு

அன்பு மக்களே,

போன வாரம் நீ பேசிக்கொண்டிருக்கும்போதே போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு நான் வெளியே போய்விட்டேன். அப்பாவுக்குக் கோபம் என்று நினைத்திருப்பாய். பாதி கோபம்தான். மீதிப் பாதிக்கு அந்த நேரத்தில் வார்த்தை கிடைக்கவில்லை. நான்கு நாளாகக் காற்று. அண்ணனின் வள்ளம் கரையில் கிடக்கிறது. கிழிந்த வலையோடு உட்கார்ந்து யோசித்ததை எழுதுகிறேன்.

நியூட்ரினோ என்ற நுண்துகளைப் பிடிக்க நீங்கள் கடலடியில் இறக்கியிருக்கும் கருவியைப் பற்றிப் பேசும்போது, "கடலுக்குள் எந்நேரமும் ஏதாவது மின்னிக்கொண்டே இருக்கிறது அப்பா, எங்களுக்கு அதெல்லாம் வெறும் இரைச்சல், கழித்துவிடுவோம்" என்றாய். வெட்டத்துக்கு, வெளிச்சத்துக்குப் போய், இரைச்சல் என்று எவன் பேர் வைத்தான் என்று அம்மா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நீ அனுப்பிய கட்டுரைகளை நம் தெரு சயின்ஸ் டீச்சர் மூன்று சாயங்காலம் உட்கார்ந்து தமிழில் சொல்லித் தந்தார். நான் புரிந்துகொண்டது சரிதானா என்று பார். தப்பென்றால் திருத்து, சிரிக்காதே.

இத்தாலியின் சிசிலித் தீவுக்கு அப்பால், 3,450 மீட்டர் ஆழத்தில் நங்கூரம் போட்டு, உச்சியில் மிதவை கட்டி, 700 மீட்டர் உயரத்துக்குக் கயிறுகளை நிமிர்த்தி வைத்திருக்கிறீர்கள். ஒரு கயிற்றில் 18 கண்ணாடி உருண்டைகள், ஒரு உருண்டைக்குள் வெட்டத்தைப் பிடிக்கும் 31 கண்கள். வரிசையாக முள் தொங்கும் எங்கள் ஆயிரங்கால் தூண்டிலைப் படுக்கப் போடாமல் நட்டு வைத்தது மாதிரி. அந்தக் கயிற்றை உருண்டைச் சட்டத்தில் சுற்றி அடிவரைக்கும் இறக்கி, அங்கிருந்து அவிழ்ந்துகொண்டே மேலே எழும்ப விடுவீர்களாமே, அதை ஒரு தடவை நேரில் பார்க்க வேண்டும். தூண்டில் கயிறு சிக்கிக்கொண்டால் நடுக்கடலில் நாங்கள் படும் பாடு எனக்குத்தான் தெரியும்.

இவ்வளவும் நியூட்ரினோவுக்காக. சூரியனிலிருந்து மட்டும் என் கட்டைவிரல் நகத்துக்குள் நொடிக்கு 6,500 கோடி புகுந்து போகிறதாம். ஒன்றும் என்னைத் தொடுவதில்லை. எப்போதாவது ஒன்று தண்ணீரிலோ பாறையிலோ மோதும். அதிலிருந்து தெறிக்கும் துகள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடும்போது நீல வெட்டம் வரும். அதற்குத்தான் இருட்டில் காத்திருக்கிறீர்கள். நம் நாட்டில் 1965-லேயே, நான் பிறந்த ஆண்டில், கோலார் தங்கச் சுரங்கத்துக்குள் இறங்கி நியூட்ரினோவைப் பிடித்திருக்கிறார்கள் என்று டீச்சர் சொன்னார். தங்கம் தோண்டிய குழியில் அதுவும் கிடைத்திருக்கிறது.

2023 பிப்ரவரி 13-ஆம் தேதி வந்த நியூட்ரினோவைப் பற்றித்தான் நீ அதிகம் பேசினாய். அப்போது நீ நாகர்கோவிலில் படித்துக்கொண்டிருந்தாய். 230 கயிறு போட வேண்டிய இடத்தில் அன்று 21 கயிறுதான் நின்றதாம். அந்தக் கொஞ்சத்திலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கண்கள் ஒரே நேரத்தில் வெட்டம் பார்த்திருக்கின்றன. அதன் ஆற்றல் 220 பெட்டா எலக்ட்ரான் வோல்ட். எனக்கு அந்தக் கணக்கு ஏறவில்லை. அதற்கு முன்னால் பிடிபட்ட எதையும்விட 30 மடங்கு பெரியது என்றபோது ஏறியது. பாறையும் கடலுமாக 140 கிலோமீட்டரைத் துளைத்துக்கொண்டு ஏறக்குறையக் கிடைமட்டமாக வந்திருக்கிறது. சரி, எங்கிருந்து வந்தது? 2025-இல் நேச்சர் இதழில் எழுதியவர்களாலும் சொல்ல முடியவில்லை.

ஏன் முடியவில்லை என்பது எனக்கு டீச்சரைவிடச் சீக்கிரம் விளங்கிவிட்டது. அது கணியம், கரையைப் பார்த்துக் கடலில் இடம் குறிக்கும் எங்கள் கணக்கு.

உனக்கு ஏழெட்டு வயதில் வள்ளத்தில் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறேன், ஓர்மை இருக்கும். முட்டம் லைட் ஹவுஸுக்கு நேர் பின்னால் மலையின் ஒரு முனை வந்து நிற்க வேண்டும். அதே நேரம் நம் கோவில் கோபுரம் இன்னொரு மலைப்பள்ளத்துக்குள் போய் உட்கார வேண்டும். இரண்டு கோடும் வெட்டும் இடத்தில்தான் பார், மீன் கூடும் கடலடிப் பாறை, கிடக்கிறது. தூண்டிலை இறக்கினால் மீன். கோபுரம் பள்ளத்தைவிட்டு ஒரு விரல் தள்ளித் தெரிந்தாலும் சும்மா தண்ணீரில் தூண்டில் போட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். நீங்களும் அதையே செய்கிறீர்கள். எந்தக் கண் முதலில் பார்த்தது, எது பிந்திப் பார்த்தது என்று நொடியின் நூறு கோடியில் ஒரு பங்குவரை கணக்குப் பார்த்துக் கோடு இழுக்கிறீர்கள். நீரோட்டத்தில் கயிறு ஆடும். அதை ஒலி அனுப்பி அளந்துகொள்கிறீர்கள். ஆனால் அந்தக் கயிற்றுக் கூட்டம் மொத்தமும் கடலடியில் எந்தத் திசை பார்த்து உட்கார்ந்திருக்கிறது என்பதில் சின்னப் பிசகு. அதனால் ஒன்றரை டிகிரி சந்தேகம். நிலாவின் அகலமே அரை டிகிரிதான். மூன்று நிலா தூரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். அவ்வளவு வானத்தில் எந்தப் பாரைத் தேடுவது? திரும்பக் கடலுக்குப் போய் அளக்கப் போகிறார்கள் என்றாய். தாத்தா இருந்திருந்தால், முதலில் கணியத்தைச் சரிபார்த்துவிட்டுத் தூண்டில் போடுங்கள் என்றிருப்பார்.

இப்போது என் கோபத்துக்கு வருகிறேன்.

உன் தாத்தாவோடு நான் முதல்முறை இரவில் போனது பதினான்கு வயதில். நிலவில்லாத இரவு. அரிக்கேன் விளக்கை அணைக்கச் சொன்னார். கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு துடுப்பு அமிழ்ந்த இடத்திலெல்லாம் பச்சையும் நீலமுமாய்ப் பொரிந்தது. கை விட்டேன், கையும் மின்னியது. சற்றுத் தள்ளி ஒரு பெரிய பாய் அளவுக்குக் கடல் வெளுத்திருந்தது. தாத்தா அதைப் பார்த்துவிட்டு, "சாளை" என்றார். வெளுப்பு கலையாமல் மெல்ல நகர்ந்தது. பெரிய மீன் உள்ளே பாய்ந்தால் அது நடுவில் கிழியும் என்றார், கிழியவில்லை. வலையை வளைத்தோம். பிறகு ஒருநாள் துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையை என் காதில் வைத்துக் கத்தாளை மீன் கத்துவதைக் கேட்க வைத்தார். அந்த மின்னலும் அந்தக் கத்தலும்தான் உன் கல்லூரிக் கட்டணம், மக்களே. இரைச்சல் இல்லை.

நீ கழிப்பதிலும் தப்பில்லை, அது எனக்குத் தெரியும். உப்பில் இருக்கும் கதிரியக்கப் பொட்டாசியம்-40 சிதைந்தாலே உங்கள் கண்கள் சிமிட்டும் என்கிறாய். ஒவ்வொரு சிமிட்டலுக்கும் பின்னால் ஓடினால் உன் வேலை நடக்காது. கரைக்கு வந்ததும் வேண்டாத மீனை நாங்களும்தான் கழிக்கிறோம். ஆனால் தாத்தா காலத்தில் இறாலைத் தென்னை மூட்டில் உரமாகப் போட்டார்கள் என்பதையும் கேட்டிருக்கிறாய். இன்று அந்த இறாலை ஏலத்தில் எடுக்க நம்மால் முடியுமா?

உங்களுக்கு முன்னால் பிரான்ஸில் தூலோனுக்கு அப்பால் இதே வேலைக்கு 12 கயிறு போட்டிருந்த ஆன்டாரஸ்காரர்கள் கழிக்கும் முன் ஒருமுறை பார்த்தார்கள். 2009-இலும் 2010-இலும், மார்ச்சிலிருந்து ஜூலைக்குள், கடலடி மின்னல் ஏகத்துக்கும் கூடியிருந்தது. குளிர்காலத்தில் அடித்த காற்று மேல்தண்ணீரைக் குளிர வைத்து, அது கனத்து அடிவரை இறங்கியிருக்கிறது. கூடவே ஆக்சிஜனும் தீனியும் போயிருக்கின்றன. 2,000 மீட்டருக்கும் கீழே இருந்த ஒளிரும் நுண்ணுயிர்கள் தின்று பெருகி மின்னியிருக்கலாம் என்கிறார்கள். நம் ஆனியாடியில் குளிர்ந்த அடித்தண்ணீர் மேலே வந்தால் சாளை வரும். அங்கே மேல்தண்ணீர் கீழே போயிருக்கிறது. வழி தலைகீழ், கதை ஒன்றுதான். நியூட்ரினோக்காரனுக்குத் தொந்தரவாக வந்தது, கடல்காரனுக்குக் கிடைத்தற்கரிய கணக்கு.

சிசிலியில் நீ இருக்கும் கதானியா ஊரிலேயே இன்னொன்று நடந்திருக்கிறது. நியூட்ரினோவின் சத்தத்தையே கேட்க முடியுமா என்று பார்க்க, 2005-இல் 2,000 மீட்டருக்குக் கீழே நான்கு ஒலிவாங்கிகளை இறக்கினார்கள். காதில் விழுந்தது திமிங்கலம். எச்சம் கடத்தியவர்கள் கைது என்று பேப்பரில் வருமே, அந்த அம்பர் திமிங்கலம்தான். அந்தக் கடலில் இவ்வளவு இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லையாம். அது தட்டும் ஒவ்வொரு தட்டுக்குள்ளும் சின்னச் சின்ன எதிரொலிகள். அவற்றின் இடைவெளியை வைத்துத் தலையின் நீளம், தலையை வைத்து உடம்பின் நீளம். கண்ணால் பார்க்காமலே அளந்திருக்கிறார்கள். டீச்சர் இதைச் சொன்னபோது நான் வலை ஊசியைக் கீழே வைத்துவிட்டேன்.

அம்மாவுக்கு முட்டுவலி பரவாயில்லை. கிறிஸ்துமஸுக்கு டிக்கெட் எடுத்துவிட்டாயா என்று கேட்கச் சொன்னாள். கல்யாணப் பேச்சை நான் எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டேன், அவளே பேசுவாள்.

அடுத்த கயிறு இறக்கக் கப்பலில் போகும்போது, இரவில் டெக் விளக்கை ஐந்து நிமிடம் அணைக்கச் சொல்லிவிட்டுத் தண்ணீரைப் பார். என்ன நிறம் என்று எழுது. அந்தத் திமிங்கலத் தட்டல் யாரிடமாவது பதிவாக இருந்தால் வாங்கி என் போனுக்கு அனுப்பு, கடற்கரையில் எல்லோருக்கும் போட்டுக் காட்ட வேண்டும். நீளத்தையும் மறக்காமல் சேர்த்து எழுது. மீட்டரில் வேண்டாம். இங்கே முதல் கேள்வியே எத்தனை முழம் என்றுதான் வரும்.

அப்பா