சேறு பீறிட்டால் எரிமலை ஆகாது

ஆசிரியருக்கு வணக்கம்.

டெல்டா மாவட்டங்களில் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து சேறும் வாயுவும் பீறிட்டாலே, அடியில் எரிமலை இருப்பதாகக் கைபேசியில் செய்தி பரப்புவோர் உண்டு. அவர்கள் நினைப்பதுபோல் நம் காலடியில் நெருப்புக் குழம்பு கடலாகத் தேங்கி நிற்கவில்லை. புவிமேலோட்டுக்குக் கீழுள்ள கவசம் என்னும் தடித்த அடுக்கு, கடும் வெப்பத்திலும் அழுத்தத்தின் காரணமாகப் பெரும்பாலும் திடப் பாறையாகவே இருக்கிறது. புவியின் மேற்புறத்தில் மெல்ல நகரும் பெரும் பாறைப் பலகைகளான புவித்தட்டுகள் விலகும் இடத்தில் மேலெழும் பாறை அழுத்தம் குறைந்து உருகும். ஒரு தட்டு மற்றொன்றின் அடியில் அமிழும் இடத்தில், அது கொண்டுசெல்லும் நீர் பாறையின் உருகுநிலையைக் குறைத்துவிடும். 1991-இல் மீண்டும் சீறிய அந்தமானின் பேரன் தீவு (Barren Island) எரிமலை இரண்டாம் வகை.

சுற்றியுள்ள பாறையைவிட எடை குறைந்த குழம்பு மேலேறும்போது, அதில் கரைந்திருந்த நீராவியும் கரியமில வாயுவும் குமிழ்களாகப் பிரிகின்றன. கொதிக்கும் கெட்டிக் கஞ்சி தெறிப்பதுபோல, சிலிக்கா மிகுந்த பிசுபிசுப்பான குழம்பு வாயுவை அடைத்துவைத்து வெடிக்கிறது. ஹவாய்த் தீவுகளின் இளகிய குழம்போ பெரும்பாலும் வழிந்தோடுகிறது.

காவிரி காலங்காலமாகக் கொட்டிய வண்டலின் மேல் வாழும் நமக்கு அருகில் தட்டு எல்லை ஏதும் இல்லை. இங்கே வெளிப்படும் வாயு, வண்டலில் புதைந்த உயிர்ப்பொருள்களிலிருந்து உண்டாகும் மீத்தேனாக இருக்கலாம். அது எளிதில் தீப்பற்றும் என்பதுதான் உண்மையான ஆபத்து. இத்தகைய நிகழ்வுகளை வெளியிடும்போது நிலவியலாளரின் விளக்கத்தையும் தங்கள் நாளிதழ் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன்.

– வாசகர், மன்னார்குடி