'ஹேப்பி பிரின்ஸ்' கதையில் பாதியைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பள்ளிப் பாடங்களைப் பற்றி உங்கள் பக்கத்தில் வரும் கடிதங்கள் பெரும்பாலும் கணக்கையும் அறிவியலையும் பற்றித்தான் இருக்கின்றன. நான் ஒரு கதையைப் பற்றி எழுதுகிறேன். ஆஸ்கார் வைல்ட் எழுதிய 'ஹேப்பி பிரின்ஸ்'. சிபிஎஸ்இ ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலத் துணைப்பாட நூலில் பல ஆண்டுகள் இருந்த கதை என்பதால் உங்கள் வாசகர்கள் நிறைய பேர் படித்திருப்பார்கள், அல்லது பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டியிருப்பார்கள்.

எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு நான் மாலையில் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். இந்தக் கதைக்கு அவர்கள் நோட்டில் இருக்கும் விடை, எந்தப் பள்ளிப் பிள்ளையாக இருந்தாலும், ஒரே மாதிரிதான்: இளவரசன் இரக்கமுள்ளவன், குருவி தியாகம் செய்தது, நாமும் ஏழைகளுக்கு உதவ வேண்டும். முழு மதிப்பெண்ணும் கிடைத்துவிடுகிறது. ஆனால் கதை அங்கே முடியவில்லை, சொல்லப்போனால் அங்கே ஆரம்பிக்கவே இல்லை என்பதுதான் என் ஆதங்கம்.

கதை மறந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஊருக்கு நடுவே உயர்ந்த தூணின் மேல் ஓர் இளவரசனின் சிலை. உடம்பெல்லாம் பொன் தகடு, கண்களில் நீலக்கல், வாளின் பிடியில் மாணிக்கம். உயிரோடு இருந்தபோது துயரம் நுழைய முடியாத அரண்மனையில், பெரிய மதிலுக்குள் வாழ்ந்தவன். மதிலுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று கேட்கவே அவனுக்குத் தோன்றியதில்லை. செத்து, சிலையாகி, உயரத்தில் நிறுத்தப்பட்ட பிறகுதான் ஊரின் அவலம் கண்ணில் படுகிறது. எகிப்துக்குப் போகும் வழியில் அவன் காலடியில் இரவு தங்க வந்த தகைவிலான் குருவியிடம் கெஞ்சிக் கெஞ்சி, மாணிக்கத்தைத் தையல்காரிக்கும், ஒரு கண்ணைப் பட்டினியோடு நாடகம் எழுதும் இளைஞனுக்கும், மறு கண்ணைத் தீக்குச்சி விற்கும் சிறுமிக்கும் கொடுத்தனுப்புகிறான், அப்புறம் உடம்பிலிருக்கும் பொன்னையும் தகடு தகடாக. குளிர் முற்றிக் குருவி செத்து விழுகிறது, அந்தக் கணமே சிலைக்குள்ளிருந்த ஈய இதயம் இரண்டாகப் பிளக்கிறது.

இதுவரை வகுப்பில் நன்றாகவே நடத்துகிறார்கள். பிள்ளைகளும் உருகுகிறார்கள். விட்டுப்போவது மற்றதெல்லாம்.

தையல்காரி வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். காய்ச்சலில் கிடக்கும் மகன் ஆரஞ்சுப் பழம் கேட்கிறான், அவளிடம் கொடுக்க ஆற்றுத் தண்ணீர்தான் இருக்கிறது. அவள் கையில் இருப்பதோ பட்டுத் துணி, ராணியின் தோழி ஒருத்தி அரண்மனை நடன விருந்துக்கு அணியப்போகும் கவுன், அதில் பூவேலை செய்துகொண்டிருக்கிறாள். மாணிக்கத்தைத் தூக்கிக்கொண்டு குருவி அரண்மனையைத் தாண்டிப் பறக்கும்போது, மாடத்தில் ஓர் அழகான பெண் தன் காதலனிடம் சொல்வது காதில் விழுகிறது: உடை நேரத்துக்குத் தயாராக வேண்டுமே, இந்தத் தையல்காரிகள் எல்லாம் மகா சோம்பேறிகள். சுருக்கப்பட்ட பாடநூலிலும் இந்த இடம் இருக்கிறது. ஆனால் இதை நிறுத்திப் படித்து, பொழுதெல்லாம் ஊசி குத்தி விரல் புண்ணான ஒருத்தியால் ஏன் ஒரு பழம் வாங்க முடியவில்லை என்று எத்தனை வகுப்பில் கேட்கிறோம்? 'ஏழைப் பெண்' என்று ஒரு வார்த்தையில் கடந்துவிடுகிறோம், அவள் பிறக்கும்போதே அப்படிப் பிறந்தவள் போல.

தீக்குச்சிச் சிறுமியும் அப்படித்தான். இந்தக் கதை உள்ள தொகுப்பு 1888 மே மாதம் லண்டனில் வெளிவந்தது. அடுத்த மாதம், ஜூன் 23 அன்று, அதே லண்டனில் 'தி லிங்க்' என்ற சிறு பத்திரிகையில் ஒரு கட்டுரை வந்தது. கிழக்கு லண்டனில் பிரையன்ட் அண்ட் மே தீப்பெட்டித் தொழிற்சாலையில் பெண்களும் சிறுமிகளும் படும் பாட்டைப் பற்றியது. எழுதியவர் வேறு யாருமல்ல, பிற்காலத்தில் நம் அடையாற்றில் வாழ்ந்து 1933இல் அங்கேயே மறைந்த அன்னி பெசன்ட். வாரம் 4 ஷில்லிங் சம்பாதிக்கும் 16 வயதுப் பெண்ணைப் பற்றி எழுதினார், அதிலும் அபராதம் என்று பிடித்துக்கொள்வதைப் பற்றி எழுதினார். வெள்ளைப் பாஸ்பரஸ் தாடை எலும்பை அரிக்கும் தொழில் அது. ஜூலையில் சுமார் 1400 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கி, கடைசியில் வென்றார்கள்.

அந்தக் கட்டுரையில் ஒரு சிலையும் வருகிறது. பிரிட்டனின் பிரதமராக இருந்த கிளாட்ஸ்டனுக்குச் சிலை வைக்க ஆசைப்பட்ட முதலாளி, ஒவ்வொரு பெண்ணின் கூலியிலும் ஒரு ஷில்லிங் பிடித்துக்கொண்டாராம். திறப்பு விழாவுக்குப் போன பெண்களில் சிலர் தங்கள் கையைக் கீறிச் சிலையின் மேல் ரத்தத்தைச் சொட்டவிட்டார்கள் என்று பெசன்ட் எழுதியிருக்கிறார். கிழக்கு லண்டனில் 'போ' (Bow) என்ற பகுதியின் தேவாலயத்தின் முன் அந்தச் சிலை இன்றும் நிற்கிறது. வைல்ட் இதை மனதில் வைத்துத்தான் எழுதினார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் தீப்பெட்டிப் பெண்களின் கூலியைப் பிடித்து ஒரு சிலை வைத்த ஊரில், தீக்குச்சிச் சிறுமிக்குத் தன் கண்ணையே பிடுங்கிக் கொடுக்கும் சிலையைப் பற்றி ஒருவர் கதை எழுதினார் என்று சொன்னபோது, என்னிடம் படிக்கும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அதுவரை அது அவர்களுக்கு வெறும் தேவதைக் கதை.

கதையின் கடைசிப் பக்கத்தையும் அவசரமாகத் தள்ளிவிடுகிறோம். பொன்னும் மணியும் போன சிலையைப் பார்த்து மேயர் முகம் சுளிக்கிறார், பிச்சைக்காரனைவிடக் கொஞ்சம்தான் தேவலை என்கிறார். அவர் என்ன சொன்னாலும் ஆமாம் போடும் கவுன்சிலர்கள் இதற்கும் ஆமாம் போடுகிறார்கள். செத்துக் கிடக்கும் குருவியைக் கண்டதும் மேயருக்குத் தோன்றுவது, இனிப் பறவைகள் இங்கே சாகக் கூடாது என்று உத்தரவு போட வேண்டும் என்பது. எழுத்தர் அதைக் குறித்துக்கொள்கிறார். அழகு போய்விட்டது, எனவே இனிப் பயனில்லை என்கிறார் பல்கலைக்கழகக் கலைப் பேராசிரியர். உருக்கிய உலோகத்தில் யாருடைய சிலையைச் செய்வது என்று மேயரும் கவுன்சிலர்களும் சண்டை போடுகிறார்கள், ஒவ்வொருவருக்கும் தன்னுடைய சிலைதான் வேண்டும். பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்குக் கதையிலேயே சட்டென்று புரிவது இந்த இடம்தான். இதிலிருந்து தேர்வில் கேள்வி வருவது அபூர்வம் என்று நடத்தாமல் விடுவது அநியாயம். அந்த ஊரில் இரக்கம் இருந்த இடமும் அதிகாரம் இருந்த இடமும் வேறு வேறு. இளவரசன் அத்தனையும் கொடுத்து முடித்த பிறகும் அரண்மனை மாடமும் மேயரின் நாற்காலியும் அப்படியேதான் இருக்கின்றன.

இது நானாக ஏற்றிச் சொல்லும் அரசியல் இல்லை. மூன்று ஆண்டு கழித்து 1891இல், 'சோசலிசத்தின் கீழ் மனிதனின் ஆன்மா' என்ற கட்டுரையில் வைல்டே இதை நேரடியாக எழுதினார்: தர்மம் வறுமை நோயைத் தீர்க்காது, நீட்டிக்கத்தான் செய்யும், வறுமைக்கே இடமில்லாதபடி சமூகத்தைத் திருப்பிக் கட்டுவதுதான் சரியான குறிக்கோள் என்று. கண்ணைப் பிடுங்கிக் கொடுத்தவனுக்காக அழவைத்த அதே கை எழுதியது இது. இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது இளவரசனின் இரக்கம் எனக்குச் சிறுத்துப் போகவில்லை, இன்னும் வலிக்கிறது.

நம்மூரில் இந்தக் கதையை நடத்தும்போது சிபிச் சக்கரவர்த்தியைச் சொல்வது வழக்கம். சொல்லலாம், ஆனால் வித்தியாசத்தையும் சொல்ல வேண்டும். சிபியின் கதையில் புறாவும் பருந்தும் தேவர்கள், வந்தது சோதனை, அரிந்த சதை திரும்பக் கிடைக்கிறது. இங்கே கண் திரும்பி வருவதில்லை. நீலக்கல்லைக் கண்ட நாடக ஆசிரியன் யாரோ பெரிய ரசிகர் அனுப்பியது என்று நினைத்துக்கொள்கிறான், சிறுமி அழகான கண்ணாடித் துண்டு என்று சிரித்தபடி வீட்டுக்கு ஓடுகிறாள். கொடுத்தது யார் என்று ஒருவருக்கும் தெரியாது. குப்பைமேட்டில் எறிந்த ஈய இதயமும் செத்த பறவையும்தான் அந்த ஊரிலேயே விலைமதிப்பற்றவை என்று கடவுள் கடைசியில் சொல்கிறார், சரி, ஆனால் அந்தச் செய்தி ஊருக்கு வந்து சேர்வதில்லை.

குருவியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், எனக்கு இதுதான் முக்கியம். எகிப்தில் எனக்காகக் காத்திருக்கிறார்கள் என்று அது திரும்பத் திரும்பச் சொல்கிறது, இன்னும் ஓர் இரவு இரு என்று இளவரசன் திரும்பத் திரும்பக் கேட்கிறான். ஒரு சின்ன உயிரிடம் அப்படிக் கேட்க அவனுக்கு உரிமை உண்டா? வகுப்பில் இதை விவாதிக்க விடுங்கள், பிள்ளைகள் எவ்வளவு நியாயமாகப் பேசுகிறார்கள் என்று பாருங்கள். என் பதில் இது: இரண்டு கண்ணும் போன பிறகு இளவரசனே, நீ எகிப்துக்குப் போய்விடு என்கிறான். இல்லை, நான் உன்னோடேயே இருக்கிறேன் என்கிறது குருவி. கேட்டுக் கொடுத்தது அதுவரை, தானாகக் கொடுத்தது அதற்குப் பிறகு. தியாகம் நல்லது என்று பொத்தாம்பொதுவாகப் பிள்ளைகளுக்கு, அதுவும் பெண் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது எனக்குப் பயமாக இருக்கிறது. படிப்பை விடு, ஆசையை விடு, உன் பங்கை விட்டுக்கொடு என்று நாளைக்கு அவர்களிடம் கேட்கப்போகிறவர்கள் நிறைய பேர். ஒருவர் கேட்டு வாங்குவதும் நாமாக மனம் நிறைந்து கொடுப்பதும் ஒன்றில்லை என்று காட்ட இதைவிட நல்ல கதை எனக்குத் தெரியவில்லை.

பாடநூலைக் குறை சொல்ல மாட்டேன். முதல் உதவியைச் செய்துவிட்டு வந்த குருவி, இவ்வளவு குளிரிலும் கதகதப்பாக இருக்கிறதே என்று சொல்லும் இடத்தை எடுத்து, உங்களுக்கும் இப்படித் தோன்றியதுண்டா, நண்பர்களோடு பேசுங்கள் என்று பாடத்தின் முடிவில் ஒரு கேள்வி வைத்தார்கள். அருமையான கேள்வி. மதிப்பெண் இல்லாததால் அதைத் தாண்டிப் போய்விடுகிறோம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். வைல்ட் இறந்தது 1900இல், எனவே கதைக்குக் காப்புரிமைத் தடை எதுவும் இல்லை. உங்கள் நாளிதழின் சிறுவர் பகுதியில் இதைச் சுருக்காமல், மேயரையும் கவுன்சிலர்களையும் வெட்டாமல், புதிதாகத் தமிழில் மொழிபெயர்க்கச் சொல்லி வாரம் ஒரு பகுதியாக வெளியிடுங்கள். கீழே நீதி என்று ஒரு வரி போடாதீர்கள். அதற்குப் பதிலாகப் பிள்ளைகளின் கேள்விகளைக் கேட்டு வாங்கிப் போடுங்கள், எங்கள் தெருவிலிருந்தே முதல் கட்டை நான் அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாளையங்கோட்டை