ஜப்பான் பயணம்: முதல் நாளில் ஊர் சுற்ற முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நண்பர்களோடு ஜப்பான் போகிறவர்களுக்காகப் பத்திரிகைகளிலும் டிராவல் ஏஜென்சி நோட்டீஸ்களிலும் வரும் பயணத் திட்டங்களில் ஒரு வரி மட்டும் மாறுவதே இல்லை: ‘முதல் நாள்: டோக்கியோ வருகை, அசகுசா கோயில், ஸ்கைட்ரீ, இரவு ஷிபுயா.’ காகிதத்தில் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. நடக்காது. ஏன் நடக்காது, அந்த நாளை எப்படிக் கழித்தால் மறுநாள் உருப்படியாக அமையும் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் நேரக் கணக்கு. சிங்கப்பூர், கோலாலம்பூர் வழியாகப் போகும் இரவு விமானங்கள் பல, காலை 7, 8 மணி வாக்கில் நரிடா விமான நிலையத்தில் இறங்கும். ஜப்பான் நேரம் நமக்கு 3.30 மணி நேரம் முன்னால். அங்கே காலை 7 என்றால் நம் உடம்புக்கு அது விடியற்காலை 3.30, அதுவும் உட்கார்ந்தபடியே தூங்கிய உடம்பு. குடியேற்ற வரிசை, பெட்டி, சுங்கம், பணம், ரயில் அட்டை எல்லாம் முடிய இரண்டு மணி நேரம் ஆவது சாதாரணம். நரிடா பெயருக்குத்தான் டோக்கியோ விமான நிலையம். நகரின் நடுப்பகுதி 60 கிலோமீட்டருக்கு மேல். நகருக்குள் வந்து ஓட்டலைத் தேடிப் பிடித்தால் மதியம் ஆகிவிடும். அறை கொடுப்பதோ பெரும்பாலும் பிற்பகல் 3 மணிக்கு. டிசம்பரில் டோக்கியோவில் மாலை நாலரைக்கே சூரியன் மறைந்துவிடும். இதில் ஸ்கைட்ரீயை எங்கே நுழைப்பது?

நண்பர் குழுக்களுக்கென்றே இன்னொரு சிக்கல் உண்டு. யாராவது ஒருவர் தலையில் எல்லாப் பொறுப்பும் விழுந்துவிடும். விசா, ஓட்டல் பதிவு, வரைபடம், இணையம் எல்லாம் அவர் போனில் இருக்கும். மற்றவர்கள் அவர் பின்னாலேயே போவார்கள். ஆனால் ஜப்பானில் முதல் நாள் எதிர்ப்படும் ஒவ்வொரு வாசலையும் அவரவர் தனித்தனியாகத்தான் கடக்க வேண்டும்.

விசாவிலிருந்தே பார்க்கலாம். 2024 ஏப்ரல் முதல் இந்தியச் சுற்றுலாப் பயணிகளுக்கு இ-விசா கிடைக்கிறது. விமான நிலையத்தில் அவரவர் போனில், இணையத் தொடர்போடு, விசா வழங்கல் அறிவிப்புப் பக்கத்தைத் திறந்து காட்ட வேண்டும். பிரின்ட், பிடிஎஃப், ஸ்கிரீன்ஷாட் எதுவும் செல்லாது. ஆகவே ரோமிங்கோ இ-சிம்மோ, ஊரிலேயே போட்டுச் சரிபார்த்துக்கொள்வது நல்லது. விமானத்தில் படம் பார்த்தே பேட்டரியைத் தீர்த்துவிட்டு வரிசையில் நிற்பது, வேண்டாத தலைவலி.

அடுத்தது ‘விசிட் ஜப்பான் வெப்’ என்ற ஜப்பான் அரசின் இணையதளத்தில் முன்கூட்டியே செய்யும் பதிவு. குடியேற்றம், சுங்கம் இரண்டுக்கும் 2024 முதல் ஒரே கியூஆர் கோடு. குழந்தைகளையும் வயதான பெற்றோரையும் உங்கள் கணக்கிலேயே சேர்த்துக்கொள்ளலாம். நண்பர்கள் அவரவர் பதிவை அவரவரே செய்ய வேண்டும். சுங்கப் படிவமும் அப்படியே: குடும்பத்துக்கு ஒன்று போதும், நண்பர்களுக்கு ஆளுக்கொன்று. முதல் இரவு தங்கும் ஓட்டலின் முழு முகவரியும் தொலைபேசி எண்ணும் அதில் கேட்கப்படும். ‘என் ஃபிரெண்டுக்குத் தெரியும்’ என்று சொல்லி, அந்த ஃபிரெண்டு ஏற்கெனவே கவுன்டரைத் தாண்டிப் போயிருந்தால் வரிசை நிற்கும். ஒரு சீட்டில் எழுதி ஆளுக்கொன்று கொடுத்துவிட்டால் தீர்ந்தது. கவுன்டரில் இரு ஆள்காட்டி விரல்களின் ரேகையும் முகப்படமும் எடுப்பார்கள்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதிலும் கவனம் வேண்டும். சிக்கன் ஊறுகாய், மட்டன் உப்புக்கண்டம் போன்ற இறைச்சிப் பொருள்களுக்கு அனுமதி இல்லை. பச்சைக் கறிவேப்பிலை, பச்சை மிளகாய், பழம் எதுவானாலும் இந்திய அரசின் தாவர நலச் சான்று இல்லாமல் கொண்டுபோக முடியாது. மாம்பழம் வேண்டவே வேண்டாம். பெட்டி வரும் இடத்தில் மோப்ப நாய்கள் சுற்றும். மருந்து விஷயத்தில் நம்மவர்கள் அசட்டையாக இருக்கிறார்கள். சூடோஎபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் உள்ள சளி மாத்திரைகளுக்கு ஜப்பானில் தடை. கோடீன் கலந்த இருமல் மருந்துக்கும் கட்டுப்பாடு உண்டு. அட்டையின் முன்பக்கத்து பிராண்ட் பெயரைப் பார்த்துப் பயனில்லை, பின்பக்கத்து மருந்துப் பெயரைப் படிக்க வேண்டும். டாக்டர் எழுதிக்கொடுத்த வழக்கமான மருந்து ஒரு மாத அளவுக்குள் இருந்தால் தனிச் சான்று தேவையில்லை.

வெளியே வந்ததும் முதல் வேலை ரொக்கம். வருகைக் கூடத்தில் உள்ள ஏடிஎம்களில் இந்திய அட்டை வேலை செய்யும். ஆனால் வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கிச் செயலியில் முன்கூட்டியே திறந்துவைத்திருக்க வேண்டும். இயந்திரம் ரூபாயிலா யென்னிலா என்று கேட்டால் யென்னைத் தொடுங்கள். ரூபாயைத் தொட்டால் மாற்று விகிதத்தில் கை கடிக்கும். ஆளுக்கு 10,000 யென் முதல் நாளுக்குத் தாராளம். ரொக்கத்தை வலியுறுத்தக் காரணம், ரயில் அட்டைக்குப் பணம் ஏற்றும் நிலைய இயந்திரங்கள் பெரும்பாலும் ரொக்கத்தை மட்டுமே வாங்கும்.

பணம் ஏற்றிவைத்து நிலைய வாயிலில் தொட்டுவிட்டுப் போகும் அந்த ரயில் அட்டைதான் சுயிக்கா, அல்லது பாஸ்மோ. 2023இல் சிப் தட்டுப்பாட்டால் விற்பனையை நிறுத்திவைத்தார்கள். 2025 மார்ச்சில் மறுபடி தொடங்கிவிட்டார்கள். பழைய யூடியூப் வீடியோவைப் பார்த்துவிட்டு ‘அட்டை கிடைக்காதாம்’ என்று குழம்ப வேண்டாம். சாதாரண அட்டைக்கு 500 யென் முன்வைப்பு (டெபாசிட்). பயணிகளுக்கான வெல்கம் சுயிக்காவுக்கு முன்வைப்பு இல்லை, 28 நாள் செல்லும், மீதிப் பணம் திரும்பாது. போனிலேயே வைத்துக்கொள்ளும் வசதியும் இருக்கிறது. ஆனால் இந்தியாவில் வாங்கிய ஆண்ட்ராய்டு போன்களில் அதற்கு வேண்டிய சிப் வசதி பெரும்பாலும் இருக்காது. பிளாஸ்டிக் அட்டையே சிக்கலில்லாதது.

ஓர் அட்டையை இரண்டு பேர் பங்குபோட முடியாது. உள்ளே நுழையும்போது எந்த நிலையம் என்பது அட்டையில் பதிவாகிறது, வெளியேறும்போது கட்டணம் கழிகிறது. ஒருவர் தொட்டு உள்ளே போய்விட்டு அதே அட்டையைப் பின்னால் நீட்டினால் வாயில் மூடிக்கொள்ளும். அங்கே தடுப்புகள் பெரும்பாலும் திறந்தே இருக்கும், தப்பு நடந்தால்தான் மூடும். அதனால் தொட்டது பதிவாகாமலே நடந்து உள்ளே போய்விடுவதும் உண்டு. சிக்கல் வெளியேறும் இடத்தில்தான் தெரியும். அட்டையைத் தட்டையாக ஒரு கணம் வைத்து, ஒலி கேட்டபின் நகருங்கள். அப்படியும் மாட்டிக்கொண்டால் பின்னால் வருகிறவர்களை மறிக்காமல், ஓரத்தில் ஆள் இருக்கும் வாயிலுக்குப் போய் அட்டையைக் கொடுத்தால் சரிசெய்து தருவார்கள். பணம் போதவில்லை என்றால் வாயிலுக்கு உட்புறமே மீதிக் கட்டணம் செலுத்தும் இயந்திரம் இருக்கிறது.

நரிடாவிலிருந்து வர, நரிடா எக்ஸ்பிரஸில் டோக்கியோ நிலையத்துக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஸ்கைலைனர் என்ற இன்னொரு விரைவு ரயிலில் டோக்கியோவின் நிப்போரி நிலையத்துக்கு 40 நிமிடத்துக்குள். இரண்டிலும் எல்லாமே முன்பதிவு இருக்கைகள். சுயிக்காவைத் தொட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தால் போதாது, விரைவு ரயில் டிக்கெட் தனியாக எடுக்க வேண்டும். அட்டையோடு மட்டும் ஏற விரும்பினால் கெய்செய் ஆக்சஸ் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. நேரம் கூடும், காசு குறையும். டெர்மினல் 3இல் இறங்குகிறவர்களுக்கு அங்கே ரயில் நிலையம் கிடையாது, டெர்மினல் 2க்குப் போக வேண்டும். டோக்கியோவின் இன்னொரு விமான நிலையமான ஹனேடா என்றால் கொடுத்துவைத்தவர்கள்: கெய்க்யூ ரயிலில் ஷினகாவா, மோனோரயிலில் ஹமமாட்சுச்சோ, இரண்டும் பக்கம்தான்.

இரவில் போய் இறங்குகிறவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது: டோக்கியோவில் ரயில்கள் நள்ளிரவை ஒட்டி நின்றுவிடும், விடியற்காலையில்தான் மறுபடி ஓடும். நரிடாவிலிருந்து கடைசி ரயில் அதற்கும் முன்பே போய்விடும். டாக்சி நகருக்குள் வர 20,000 யென்னைத் தாண்டும். இரவு 10 முதல் காலை 5 வரை மேலும் 20 சதவீதம். நான்கு பேர் ஒரு டாக்சியில் உட்காரலாம், நான்கு பெரிய பெட்டிகள் ஏறாது. இரவில் நேரங்கழித்து நரிடாவில் இறங்கும் டிக்கெட் மலிவாக இருப்பதன் விலை இதுதான்.

காலையில் இறங்குகிறவர்களுக்கும் பெட்டிகளே பெரும்பாடு. 7.30 முதல் 9.30 வரை நகர ரயில்களில் பெரிய பெட்டியோடு நுழைவது மற்றவர்களுக்குச் செய்யும் கொடுமை. விமான நிலையத்திலேயே கூரியர் கவுன்டர் உண்டு. பெட்டியை ஓட்டலுக்கு அனுப்பிவிட்டுக் கைவீசி வரலாம். ஆனால் டோக்கியோவுக்குள் என்றாலும் வழக்கமாக மறுநாள்தான் வந்து சேரும். ஒரு நாள் துணி, மருந்து, சார்ஜர் ஆகியவற்றைக் கைப்பையில் எடுத்துக்கொள்ளாமல் எல்லாவற்றையும் அனுப்பிவிட்டு இரவில் விழிப்பவர்கள் ஏராளம். பெட்டியோடு வருகிறவர்களை மதியமே ஓட்டலில் வைக்கச் சொன்னால் வாங்கிக்கொள்வார்கள். மூன்று மணி வரை பக்கத்தில் சாப்பிட்டுவிட்டு வரலாம்.

ஓட்டல் அறை பதிவு செய்யும்போது ‘ட்வின்’ என்றால் இரண்டு கட்டில், ‘டபுள்’ என்றால் ஒன்று. ‘செமி-டபுள்’ என்பது 120 சென்டிமீட்டர் அகலம். இரண்டு ஆண் நண்பர்களுக்கு அது நட்பைச் சோதிக்கும் அகலம். ஜப்பானில் வசிக்காத வெளிநாட்டவர் ஒவ்வொருவரின் பாஸ்போர்ட் எண்ணையும் ஓட்டலில் பதிந்துகொள்வது சட்டம், நகலும் எடுப்பார்கள். அறையில் மின்சாரம் 100 வோல்ட், பிளக் தட்டையான இரண்டு முள். ‘100-240’ என்று போட்டிருக்கும் சார்ஜருக்கு அடாப்டர் போதும். ஊரிலிருந்து தூக்கிவரும் 230 வோல்ட் கெட்டிலோ குக்கரோ அங்கே தன் சக்தியில் ஐந்தில் ஒரு பங்குகூடத் தராது. அரிசி ஊறும், வேகாது.

சைவர்களுக்கு முதல் மாலை கொஞ்சம் கஷ்டம். சூப், நூடுல்ஸ், காய்கறி டெம்புராவின் தொட்டுக்கொள்ளும் குழம்பு உட்படப் பலவற்றிலும் ‘தாஷி’ என்ற சாறு இருக்கும். அது பெரும்பாலும் உலர்ந்த மீன் சீவலில் எடுத்தது. மீன் துண்டு கண்ணில் படாததால் சைவம் என்று நம்பிவிடுகிறார்கள். களைத்த நிலையில் விசாரித்துக்கொண்டிருப்பதை விட, முதல் நாளுக்குச் சப்பாத்தி, புளிக்காய்ச்சல் பாக்கெட்டைக் கையில் வைத்திருப்பதே மேல். சுடுசோறு பாக்கெட் எந்த கன்வீனியன்ஸ் ஸ்டோரிலும் கிடைக்கும், கடையிலேயே மைக்ரோவேவில் சூடாக்கித் தருவார்கள். சாப்பிட்ட குப்பையைப் போடத் தெருவில் தொட்டி தேடாதீர்கள். 1995 சுரங்க ரயில் விஷவாயுத் தாக்குதலுக்குப் பிறகு பொது இடங்களில் தொட்டிகள் அரிதாகிவிட்டன. ஒரு பிளாஸ்டிக் பை கையில் இருக்கட்டும்.

வெளியூர் ரயில் பயணங்களுக்காகப் பயணிகள் வாங்கும் ஏழு நாள் ஜேஆர் பாஸை முதல் நாளே தொடங்கிவிடாதீர்கள். 2023 அக்டோபரில் அதன் விலை 50,000 யென் ஆகிவிட்டது. டோக்கியோவுக்குள் சுற்றும் நாள்களை அதில் கழிப்பது வீண். வெளியூர் கிளம்பும் நாளிலிருந்து தொடங்குமாறு தேதி கேட்டு வாங்கலாம்.

மாலையில் செய்யக்கூடியது ஓட்டலைச் சுற்றி ஒரு நடை: பக்கத்து நிலையத்தில் எந்த எண் வாசல் ஓட்டலுக்கு அருகில், லிஃப்ட் எந்த வாசலில், கடை எங்கே என்று பார்த்துவைப்பது. ஷின்ஜுகு போன்ற நிலையத்தில் தவறான வாசலில் ஏறினால் கால் மணி நேரம் போய்விடும். ஒன்பது மணி வரை கண்ணைத் திறந்துவைத்திருந்து பிறகு படுங்கள். அந்தச் சிறு நடைக்கும் பாஸ்போர்ட் சட்டைப்பையில் இருக்க வேண்டும். 16 வயது நிரம்பிய வெளிநாட்டுப் பயணி எப்போதும் அதை வைத்திருக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம், போலீஸ்காரர் கேட்டால் காட்ட வேண்டும். எல்லாருடைய பாஸ்போர்ட்டையும் வாங்கி ஒரே பையில் பத்திரப்படுத்தும் பொறுப்பாளர், அவற்றை அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்