நாள் தள்ளிப்போகும் முன்பே

உசிலம்பட்டி
கார்த்திகை மாதம்

அன்புள்ள சரோஜாவுக்கு,

உன் கடிதமும் கல்யாணப் போட்டோக்களும் வந்து சேர்ந்தன. மருமகள் நல்ல லட்சணம். உன் பையன்தான் மணவறையிலும் பரீட்சை எழுதுகிறவன் மாதிரி உட்கார்ந்திருக்கிறான். நாங்கள் வராததில் உனக்கு இன்னும் கோபம் என்று தெரியும். இவருக்குக் கண் ஆபரேஷனை அந்த வாரமே வைத்துவிட்டார்கள், என்ன செய்வது? இப்போது பார்வை ரொம்பத் தெளிவு. அரிசியில் ஒரு கல் கிடந்தாலும் எனக்கு முன்னால் கண்டுபிடித்து, சத்தமாகச் சொல்கிறார். இங்கே மழை பரவாயில்லை, கம்மாயில் பாதித் தண்ணீர் நிற்கிறது.

சரி, உன் கேள்விகளுக்கு வருகிறேன். மருமகளுக்கு ஒன்று, உனக்கு ஒன்று, அண்ணனுக்கு ஒன்று என்று மூன்று கேட்டிருக்கிறாய். மூன்றுமே ஃபோலிக் ஆசிட் என்கிற வைட்டமின் மாத்திரையைப் பற்றித்தான்: மருமகள் இப்போதே போட வேண்டுமா, உன் மூட்டுவாத மருந்தோடு அதையும் ஏன் எழுதினார்கள், அண்ணன் சாப்பிடலாமா. சர்வீஸ் முழுக்க வீடு வீடாகப் போய்ச் சத்து மாத்திரை கொடுத்தவளிடம் கேட்டுவிட்டாய், பதில் நீளமாகத்தான் வரும்.

முதலில் மருமகள். "இன்னும் விசேஷம் ஒன்றும் இல்லை, அதற்குள் எதற்கு மாத்திரை" என்று எழுதியிருக்கிறாய். விசேஷம் என்று தெரிவதற்கு முன்னால் போட வேண்டிய மாத்திரைதான் அது. கரு தரித்த 28 நாளுக்குள் குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகிற குழாய் மூடிக்கொள்கிறது. முதலில் தட்டையாக இருக்கிற ஒரு படலம், வெற்றிலையைச் சுருட்டுவதுபோல இரண்டு ஓரமும் எழும்பி ஒன்றோடொன்று ஒட்டுகிறது. மேல்முனை ஒட்டாமல் போனால் மூளையும் மண்டையோடும் முழுதாக உருவாகாது, அந்தக் குழந்தை தங்காது. கீழே எங்காவது ஒட்டாமல் போனால் முதுகெலும்பு பிளந்து, கட்டி மாதிரி வெளியே பிதுங்கி நிற்கும். பிழைக்கிற குழந்தைகளில் பலருக்குக் கால் விளங்காது, சிறுநீர் கட்டுப்படாது. பிரசவ வார்டில் நாம் இரண்டு வகையையும் பார்த்தவர்கள், உனக்கு விவரிக்க வேண்டியதில்லை.

இப்போது நாள் கணக்கைப் பார். மாதவிலக்கு வந்து ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்துத்தான் கரு தரிக்கிறது. அடுத்த மாதம் நாள் தள்ளிப்போகும்போது கருவுக்கு ஏற்கெனவே இரண்டு வாரம். "இன்னும் பத்து நாள் பார்க்கலாம்" என்று காத்திருந்து, கார்டு டெஸ்ட் போட்டு, நல்ல நாள் பார்த்து டாக்டரிடம் போவதற்குள் அந்தக் குழாய் மூடிவிட்டிருக்கும், அல்லது மூடாமல் நின்றுவிட்டிருக்கும். அதற்குப் பிறகு எத்தனை மாத்திரை போட்டாலும் அந்த வேலைக்கு ஆகாது. நாம் நாலாம் மாதத்திலிருந்து கொடுத்த சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிடும் இருக்கும். அது தாய்க்கு ரத்தம் குறையாமல் இருக்க. அதுவும் தேவைதான், ஆனால் குழந்தையின் முதுகுத்தண்டுக்கு அது பிந்தி வருகிறது. என்னைக் கேட்டால் தாலி கட்டிய வாரமே மாத்திரையைக் கையில் கொடுத்துவிட வேண்டும். வளைகாப்புக்கு எத்தனை வகைச் சாதம் என்பதை ஆறு மாதம் முன்பே பேசி முடிவு செய்கிற நம் ஆட்கள், இந்த ஒன்றை மட்டும் யாரும் பேசுவதில்லை.

இது வெறும் நம்பிக்கை இல்லை. 1991-இல் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஏழு நாடுகளில் 33 மையங்களில் நடத்திய ஆய்வின் முடிவு வெளிவந்தது. ஏற்கெனவே இப்படிப்பட்ட குழந்தை பிறந்திருந்த பெண்களுக்கு, அடுத்த கர்ப்பத்துக்கு முன்பிருந்தே தினமும் 4 மில்லிகிராம் ஃபோலிக் ஆசிட் கொடுத்தார்கள். மறுபடி அதே குறை வருவது 72 சதவீதம் குறைந்துவிட்டது. அமெரிக்காவில் 1998 முதல், சத்து சேர்த்து விற்கிற மாவில் 100 கிராமுக்கு 140 மைக்ரோகிராம் கலக்க வேண்டும் என்று சட்டமே போட்டார்கள். எதிர்பாராமல் கர்ப்பமாகிறவர்களுக்கும் போய்ச் சேரட்டும் என்றுதான்.

உன் மருமகளுக்குத் தேவை தினமும் 400 மைக்ரோகிராம், கருத்தரிப்பதற்கு ஒரு மாதமாவது முன்பிருந்து, மூன்றாம் மாதம் முடிகிற வரை. மருந்துக் கடையில் சும்மா "ஃபோலிக் ஆசிட்" என்று கேட்டால் 5 மில்லிகிராம் மாத்திரையை நீட்டுவார்கள். அது பன்னிரண்டு மடங்குக்கும் மேல். முதல் குழந்தைக்குக் குறை இருந்தவர்களுக்கும், வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் டாக்டர்கள் அதை எழுதுவார்கள். டாக்டர் சொல்லாமல் மற்றவர்களுக்கு வேண்டாம். அவளை ஒருமுறை மகப்பேறு டாக்டரிடம் கூட்டிப்போய் அளவைக் கேட்டு எழுதி வாங்கு. அவள் வீட்டில் யாருக்காவது இப்படிக் குழந்தை பிறந்திருக்கிறதா என்பதையும் மறைக்காமல் சொல்லச் சொல். இதைக் கேட்டால் சம்பந்தி வீட்டில் தப்பாக எடுத்துக்கொள்வார்களோ என்று நீ யோசிப்பாய். யோசிக்காதே, கேள்.

கீரை போதாதா என்று அடுத்த வரியில் கேட்டிருக்கிறாய். கீரையில் இருக்கிறது, பாசிப்பயறிலும் கொண்டைக்கடலையிலும் தட்டைப்பயறிலும் நிறைய இருக்கிறது. ஆனால் இந்தச் சத்து தண்ணீரில் கரையும், சூட்டில் அழியும். கீரையை அரிந்த பிறகு அலசி, கொதிக்க வைத்து, நீரை வடித்துக் கொட்டிவிட்டுக் கடைகிற உன் பழக்கத்தில் பாதி சாக்கடைக்குத்தான் போகிறது. முதலில் அலசிவிட்டு அப்புறம் அரி, கொஞ்சத் தண்ணீரில் மூடி வேகவை, அந்தத் தண்ணீரையும் சேர்த்துக் கடை. அப்படிச் செய்தாலும் மாத்திரையில் இருப்பதுதான் உடம்பில் அதிகம் சேரும். அதனால் இந்த மாதங்களில் கீரையும் வேண்டும், மாத்திரையும் வேண்டும்.

ரேஷன் அரிசியையும் நம்பி உட்கார முடியாது. "பிளாஸ்டிக் அரிசி" என்று எங்கள் தெருவில் இன்னும் பொறுக்கிப் போடுகிறார்களே, அதுதான் இரும்பும் ஃபோலிக் ஆசிடும் வைட்டமின் பி12-உம் சேர்த்துச் செய்த மணி. சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. ஒரு கிலோ அரிசிக்கு 75 முதல் 125 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட்தான் அளவு. ஒரு நாளைக்கு 300 கிராம் அரிசி சாப்பிட்டாலும், வேண்டிய 400-இல் பத்தில் ஒரு பங்குகூட வராது. பொறுக்கிப் போடாதீர்கள் என்பது வேறு, அதுவே போதும் என்பது வேறு.

உன் மாத்திரைக்கு வருவதற்கு முன் ஒரு கதை. டிரெயினிங் சமயத்தில் திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரிக்குப் போனோமே, இப்போது கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்கிறார்கள். 1931-இல் அங்கே லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர் வேலை பார்த்திருக்கிறார். 1928-இல் பம்பாய்க்கு வந்தவர். அங்கே பஞ்சாலைத் தொழிலாளர் குடும்பத்துப் பெண்கள் கர்ப்பத்தில் ரத்தம் வற்றிச் சாவதன் காரணத்தைத் தேடியவர். 1929-இல் குன்னூரிலும் கொஞ்ச காலம் ஆராய்ச்சி செய்தார். அதே மாதிரி ரத்தசோகை வந்த குரங்குகளுக்கு மார்மைட், அதாவது இலங்கைக்காரர்கள் வீட்டில் இருக்குமே அந்த ஈஸ்ட் சாறு, அதைக் கொடுத்தபோது தேறின. பிறகு பெண்களுக்குக் கொடுத்தார், அவர்களும் தேறினார்கள். அதில் இருந்த பொருள் என்னவென்று அப்போது யாருக்கும் தெரியாது. 'வில்ஸ் காரணி' என்றுதான் சொன்னார்கள். அது ஃபோலேட், அதாவது நம் ஃபோலிக் ஆசிட் வகைச் சத்து என்று பின்னால் தெரிந்தது. நாம் அந்த வராந்தாவில் எத்தனை தடவை நடந்திருப்போம், ஒருவராவது இந்தப் பெயரைச் சொன்னார்களா?

கதையின் மிச்சத்தில் உன் மாத்திரை வருகிறது. பீமவரத்தில் பிறந்து மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் படித்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். அவர் கதர் அணிந்தார் என்ற கோபத்தில் அவருக்கு முழு எம்.பி.பி.எஸ். கொடுக்காமல் எல்.எம்.எஸ். என்ற சின்னப் பட்டத்தைக் கொடுத்து அனுப்பினார்கள். அவருடைய அண்ணன் தம்பிகளில் இருவர் ஸ்புரூ என்ற குடல் நோயில் அடுத்தடுத்து இறந்தார்கள். ஃபோலிக் ஆசிட் கொடுத்தால் கேட்கிற நோய் அது. அமெரிக்காவில் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் அவருடைய குழுதான் 1940-களின் நடுவில் ஃபோலிக் ஆசிடைச் செயற்கையாகச் செய்தது. அதன் அமைப்பைக் கொஞ்சம் மாற்றி, ஃபோலிக் ஆசிடின் இடத்தில் போய் உட்கார்ந்து அதன் வேலையைத் தடுக்கிற மருந்துகளையும் செய்தார்கள். அவற்றில் ஒன்றைத்தான் சிட்னி ஃபார்பர் என்ற அமெரிக்க டாக்டர் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குக் கொடுத்தார். 1948-இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாக அடங்கியது. அதே குடும்பத்தில் வந்ததுதான் உன் மூட்டுவாதத்துக்கு எழுதிக்கொடுத்த மெத்தோட்ரெக்சேட்.

இப்போது புரிகிறதா, உன் டாக்டர் ஏன் இரண்டையும் ஒரே சீட்டில் எழுதினார் என்று? செல் பெருகுவதற்கு ஃபோலேட் வேண்டும். மெத்தோட்ரெக்சேட் அதைத் தடுப்பதால் வாய்ப்புண், குமட்டல், ரத்த அணுக் குறைவு எல்லாம் வரும். அதைத் தணிக்கத்தான் ஃபோலிக் ஆசிட், வேறு கிழமையில். கவனமாகக் கேள்: மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு தடவைதான். தினமும் போட்டு உயிரை விட்டவர்கள் உண்டு. இரண்டும் பெரும்பாலும் சின்ன மஞ்சள் மாத்திரையாகவே வரும், மாறிப்போக ரொம்ப நேரம் ஆகாது. உன் டப்பாவை மருமகள் மாத்திரை வைக்கிற அலமாரியில் வைக்கவே வைக்காதே. அவள் ஃபோலிக் ஆசிட் என்று நினைத்து உன்னுடையதைப் போட்டால், வயிற்றில் இருக்கிற கருவுக்கு அது விஷம். தனி அலமாரி, தனி டப்பா, மேலே கிழமை எழுதி ஒட்டு.

அண்ணன் விஷயம்தான் எனக்குக் கவலை. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், சுத்த சைவம், உள்ளங்கால் எரிச்சல், மதமதப்பு. இது பி12 குறைவாக இருக்கலாம். வெறும் ஃபோலிக் ஆசிடைப் போட்டுக்கொண்டே இருந்தால் ரத்தப் பரிசோதனை தேறிவிட்ட மாதிரி காட்டும், நரம்பு மட்டும் உள்ளே கெட்டுக்கொண்டே போகும். 'சத்து மாத்திரைதானே' என்று கடைக்காரரும் கொடுத்துவிடுகிறார். டாக்டரிடம் காட்டி பி12 அளவைப் பார்க்கச் சொல், அது தெரிகிற வரை அந்த மாத்திரை வேண்டாம். இதயத்துக்கு நல்லது என்று யாரோ சொன்னதாகவும் எழுதியிருக்கிறாய். சீனாவில் ரத்த அழுத்தம் உள்ள 20,000-க்கு மேற்பட்டவர்களிடம் செய்த ஆய்வில் பக்கவாதம் குறைந்தது உண்மை, 2015-இல் வந்தது. ஆனால் மாரடைப்பு வந்தவர்களிடம் மற்ற நாடுகளில் செய்த பெரிய ஆய்வுகளில் மாரடைப்பு குறையவில்லை. அதற்காக அண்ணன் இதைச் சாப்பிட வேண்டாம்.

பொங்கலுக்கு இங்கே வருவதாகச் சொன்னாயே, அதை மாற்றிவிடாதே. மருமகளையும் கூட்டிக்கொண்டு வா, உன் பையனைச் சிரிக்க வைக்கும் பொறுப்பை இவர் எடுத்துக்கொள்கிறாராம். அண்ணனின் பி12 ரிசல்ட் வந்த அன்றே எனக்குப் போன் பண்ணு, கடிதத்துக்குக் காத்திருக்காதே.

அன்புடன்,
உன் மீனாட்சி