பண்டிகைக்கு முன் மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் நலம். அங்கு நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போன வாரம் பேசியபோது, "இந்தப் பண்டிகை ஒன்று முடிந்துவிட்டால் போதும்" என்றாய். தூக்கம் இல்லை, கையிருப்பு கரைகிறது, சென்ற முறை ஏறிய எடையே இன்னும் இறங்கவில்லை என்று வரிசையாகச் சொன்னாய். மூன்றையும் நீ தனித்தனித் தொல்லைகளாகச் சொன்னாலும், எனக்கு அவை ஒரே முடிச்சாகத்தான் தெரிகின்றன. பண்டிகைக்கு இரண்டு நாள் இருக்கும்போது, இரவு 11 மணிக்குக் கைப்பேசியை வைத்துக்கொண்டு "யாருக்காவது வாங்க விட்டுப்போயிற்றா" என்று தேடிக்கொண்டிருப்பவளுக்கு விலையும் கண்ணில் படாது, பக்கத்தில் இருக்கும் தட்டிலிருந்து கை எத்தனை முறை வாய்க்குப் போனது என்பதும் தெரியாது. எடுக்க வேண்டிய முடிவுகளையெல்லாம் உடம்பும் மனமும் அலுத்துப்போயிருக்கும் நேரத்துக்குத் தள்ளிவைப்பதால் வருகிற வினை இது. இன்னும் சில வாரங்கள் இருப்பதால்தான் இப்போதே எழுதுகிறேன்.

உறக்கத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நீ முதலில் விட்டுக்கொடுப்பது அதைத்தான். ஓய்வு பெற்ற பிறகு வாசிப்பதற்கு எனக்கு நிறைய நேரம் கிடைக்கிறது. 2004இல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நல்ல உடல்நலம் உள்ள 12 இளைஞர்களை இரண்டு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் உறங்கவைத்து, நெடுநேரம் உறங்கிய இரவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 'வயிறு நிறைந்தது' என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் என்ற சுரப்பு 18 விழுக்காடு குறைந்தது. பசியைத் தூண்டும் கிரெலின் 28 விழுக்காடு கூடியது. இனிப்பும் உப்பும் மாவுச்சத்தும் மிகுந்த பண்டங்களின் மீதுதான் அவர்களுக்கு ஆசை அதிகம் எழுந்தது. பண்டிகை வீட்டில் குவிந்து கிடப்பவையும் அவைதானே. ஆகவே, வாயைக் கட்ட முடியவில்லை என்று உன்னை நீயே நொந்துகொள்வதற்கு முன், அந்த வாரத்தில் எத்தனை மணிக்குப் படுத்தாய் என்று பார். பண்டிகைக்கு முந்தைய இரவுகளில் இரண்டு வேலைகளைச் செய்யாமல் விட்டுவிட்டு ஏழு மணி நேரம் உறங்கினால், விட்டுப்போன அந்த இரண்டு வேலைகளை வந்தவர் எவரும் கவனிக்கப்போவதில்லை.

அடுத்தது பணம். ஆயுள் முழுவதும் கணக்கெழுதிப் பிழைத்தவன் என்பதால் இதில் சற்று நீட்டி எழுதினால் பொறுத்துக்கொள்.

பண்டிகைச் செலவு எதிர்பாராமல் வருவதன்று. எந்த மாதம் வரும் என்பது ஆண்டின் தொடக்கத்திலேயே நாள்காட்டியில் அச்சாகியிருக்கிறது. ஆனாலும் பெரும்பாலோர் அதை ஒவ்வோர் ஆண்டும் திடீரென்று வந்த மருத்துவச் செலவைப் போலவே சந்திக்கிறார்கள். சென்ற ஆண்டின் வங்கிக் கணக்கு விவரத்தை எடுத்து, பண்டிகையை ஒட்டிய ஆறு வாரங்களில் போனதையெல்லாம் கூட்டிப் பார். பரிசும் துணியும் மட்டும் கணக்கில் வந்தால் போதாது. பயணம், விருந்தினர் வந்தபோது கூடிய மளிகை, வெளியே சாப்பிட்டது, வேலையாள்களுக்குக் கொடுத்தது, பரிசைச் சுற்றும் தாள் வரைக்கும் சேர்த்துக்கொள். வரும் தொகை நீ நினைத்திருந்ததைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். அதை 12ஆல் வகுத்து, பண்டிகை முடிந்த அடுத்த மாதத்திலிருந்தே வேறொரு கணக்கில் மாதாமாதம் போட்டு வை. இந்த ஆண்டுக்கு அது கைகொடுக்காது என்பது உண்மைதான். இந்த ஆண்டுக்கு, இருக்கிற பணத்தில் இவ்வளவுதான் என்று ஒரு தொகையை ஒதுக்கி, அதை ஆள்வாரியாகப் பிரித்து எழுது. பொருளை முதலில் எண்ணாமல் ஆளை முதலில் எண்ணு. பொருளிலிருந்து தொடங்கினால், கடையில் கண்ணில் படுவதெல்லாம் யாரோ ஒருவருக்குப் பொருந்திவிடும்.

தள்ளுபடியைப் பற்றி நீயே அறிவாய். 100க்கு விற்பதை 60க்குத் தருகிறார்கள் என்றால், தேவையில்லாதவருக்கு மிச்சம் எதுவும் இல்லை, 60 செலவு, அவ்வளவுதான். "இன்னும் இரண்டு மணி நேரமே" என்று திரையில் ஓடும் கடிகாரம் உன்னை யோசிக்கவிடாமல் செய்வதற்காகவே வைக்கப்பட்டது. அப்படி ஒன்று கண்ணில் பட்டால் கூடையில் போட்டு வைத்துவிட்டுப் படுத்துவிடு. காலையிலும் வேண்டும் என்று தோன்றினால் வாங்கு. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று பெரியவர்கள் சொன்னது கொடுப்பதைத் தடுப்பதற்கு இல்லையே, அளப்பதற்குத்தானே.

தவணைதான் எனக்கு உள்ளபடியே அச்சம் தருவது. ஒரு கணக்கைப் பார். கிரெடிட் கார்டில் 10,000 பாக்கி நிற்கிறது, வட்டி மாதம் 3 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். மாதம் 500 கட்டுகிறாய். முதல் மாதம் அந்த 500இல் 300 வட்டிக்குப் போய்விடும், 200 மட்டுமே அசலில் கழியும். அதன்பின் கார்டைத் தொடாமலே இருந்தாலும், முழுவதும் அடைபட 31 மாதங்கள் ஆகும். கட்டிய மொத்தம் ஏறக்குறைய 15,500. அதற்குள் இன்னும் இரண்டு பண்டிகைகள் வந்து போயிருக்கும், அவற்றின் செலவும் இதன் மேல் ஏறியிருக்கும். 'குறைந்தபட்சத் தொகை' என்று ரசீதில் அச்சிட்டிருப்பதைக் கட்டினால் கடன் அடைகிறது என்று மனம் ஆறுதல் கொள்கிறது. அடைவது பெரும்பாலும் வட்டிதான். வட்டியில்லாத் தவணை என்று சொல்லப்படுவதிலும், செயலாக்கக் கட்டணம் உண்டா, மொத்தமாகக் கொடுத்தால் கிடைத்திருக்கும் தள்ளுபடி போய்விடுகிறதா, ஒரு தவணை தவறினால் என்ன பிடிப்பார்கள் என்ற மூன்றையும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடு.

கார்டு வைத்திருப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. 2001இல் டிராசென் பிரெலெக், டங்கன் சிமெஸ்டர் என்ற இரு ஆய்வாளர்கள் விளையாட்டுப் போட்டிக்கான நுழைவுச்சீட்டுகளை ஏலம் விட்டுப் பார்த்தார்கள். ரொக்கமாகக் கொடுக்க வேண்டும் என்று சொல்லப்பட்டவர்களைவிட, கார்டில் கொடுக்கலாம் என்று சொல்லப்பட்டவர்கள் ஒரு சீட்டுக்கு இரு மடங்கு வரை கேட்டார்கள். கையை விட்டுத் தாள் போகும்போது நமக்கு ஏற்படும் சிறிய வலி கார்டில் இல்லை. ஆகவே, பரிசுகளுக்கு ஒதுக்கிய தொகையை மட்டும் ரொக்கமாக எடுத்துக்கொண்டு போய் வாங்கிப் பார், தொகை தீர்ந்தால் வீடு திரும்பிவிடு. பரிசுக்குக் கொடுத்த விலையில் ஒரு பங்கு பல நேரம் வீணாகத்தான் போகிறது என்று ஜோயல் வால்ட்ஃபோகல் என்ற பொருளியலாளர் 1993இல் கணக்குப் போட்டுக் காட்டினார். பெற்றவர்கள் தங்களுக்கு வந்த பரிசுகளை அவற்றின் விலையைவிட 10 முதல் 33 விழுக்காடு வரை குறைவாகவே மதித்தார்களாம். உன் அம்மா இதைக் கேட்டுவிட்டு, "பாசத்துக்குமா கணக்கு?" என்று என்னைக் கடிந்துகொண்டாள். அவள் சொல்வதும் சரிதான். ஆனால் பெரியவர்களுக்குள் ஆளுக்கொரு பரிசு என்பதை நிறுத்திக் குழந்தைகளுக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டால் பாசம் எங்கும் குறையாது. அதை நீ முதலில் சொன்னால், உன் நாத்தனாரும் ஓரகத்தியும் உள்ளூர மகிழ்வார்கள் என்றே நினைக்கிறேன். யாராவது சொல்ல மாட்டார்களா என்று எல்லாருமே காத்திருக்கிறார்கள்.

இனி உணவு. இதில் நீ செய்கிற ஒரு காரியம் எனக்கு ஒப்பவில்லை. இரவு விருந்து என்றால் காலையிலிருந்தே பட்டினி கிடக்கிறாய். 'சேர்த்து வைத்துச் சாப்பிடலாம்' என்ற அந்தக் கணக்கு உடம்பிடம் செல்லாது. காய்ந்த வயிற்றோடு பந்தியில் உட்காருகிறவர் முதல் பத்து நிமிடத்திலேயே அளவைத் தாண்டிவிடுவார். குடலிலிருந்து 'போதும்' என்ற செய்தி மூளைக்கு எட்ட ஏறக்குறைய 20 நிமிடங்கள் ஆகும். அன்றும் வழக்கம்போலக் காலையும் பகலும் அளவாகச் சாப்பிட்டுவிட்டுப் போ. விருந்தில் முதல் முறை எடுத்ததை முடித்தபின், இரண்டாம் முறைக்குக் கை நீட்டும் முன், பக்கத்தில் இருப்பவரோடு கொஞ்ச நேரம் பேசு.

வயிறு நிறைந்த பிறகும் இனிப்புக்கு மட்டும் இடம் இருப்பது ஏன் என்று சின்ன வயதில் நீ என்னைக் கேட்டிருக்கிறாய். ஒரே சுவையை உண்ண உண்ண அந்தச் சுவையின் மீதுதான் சலிப்பு வருகிறது, புதிய சுவையைக் கண்டதும் ஆசை மீண்டும் துளிர்க்கிறது என்பதுதான் விடை. பதினைந்து வகை வைத்திருக்கும் விருந்தில் ஒவ்வொன்றிலும் 'கொஞ்சம்தான்' எடுத்தாலும் தட்டு நிறைந்துவிடுவது இதனால்தான். எல்லாவற்றையும் முதலில் ஒரு முறை பார்த்துவிட்டு, ஆண்டு முழுவதும் கிடைக்காத நான்கை மட்டும் எடுத்துக்கொள். எப்போதும் கிடைப்பதை இன்று விட்டால் நட்டமில்லை. மதுவை நீ தொடுவதில்லை. மாப்பிள்ளையிடம் மட்டும் ஒன்று சொல், அதன் ஒரு கிராமில் 7 கலோரி இருக்கிறது, கொழுப்புக்கு அடுத்தபடி அதுதான்.

மறுநாள் காலையில் எடைப் பொறியில் ஏறி நின்று கண்கலங்காதே. ஒரு கிலோ உடற்கொழுப்பு சேர ஏறக்குறைய 7,700 கலோரி மிகையாக வேண்டும். ஒரே இரவில் இரண்டு கிலோ ஏறியதாகப் பொறி காட்டினால், அதில் பெரும்பகுதி உப்பும் மாவுச்சத்தும் பிடித்துவைத்த நீர். நான்கைந்து நாள் வழக்கமான உணவில் அது வடிந்துவிடும். நான் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. 2000இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், 195 பேரை எடை பார்த்தபோது, ஆண்டிறுதிக் கொண்டாட்டக் காலத்தில் சராசரியாக ஏறியது 0.37 கிலோ மட்டுமே. இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் அதற்குப் பின்வந்த மாதங்களில் அது இறங்கவில்லை. இப்படி ஆண்டுக்கு ஆண்டு சேர்ந்ததுதான் நாற்பது வயதில் மருத்துவர் சொல்லும் அந்தப் பத்துக் கிலோவில் ஒரு பங்கு. ஒரு நாள் விருந்தால் உடம்பு கெடாது. 'கெட்டது கெட்டுவிட்டது, இனிப் பண்டிகை முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று அடுத்த மூன்று வாரங்களையும் விட்டுவிடுவதுதான் கெடுக்கிறது. மீந்த பண்டங்களை அன்றிரவே பிரித்துக் கொடுத்துவிடு. சமையலறை மேடையில் திறந்திருக்கும் டப்பா ஒவ்வொரு முறை கடந்து போகும்போதும் கையை இழுக்கும். சாப்பிட்டதும் படுக்காமல், எல்லாரையும் அழைத்துக்கொண்டு பதினைந்து நிமிடம் நடந்துவிட்டு வா. உணவுக்குப் பின் உடனே நடந்தால் இரத்தச் சர்க்கரை அதிகம் ஏறாது. பெரியவர்களுக்கு இது இன்னும் நல்லது.

கடைசியாக, நீ சொல்லாமல் விட்ட ஒன்று. உன் வீட்டில் எல்லாரும் 'உதவி' செய்கிறார்கள், ஆனால் எதை எப்போது செய்ய வேண்டும் என்ற நினைவு முழுவதும் உன் தலையில்தான் இருக்கிறது. யாருக்கு எந்தப் பண்டம் ஆகாது, எந்தப் பெரியவரை முதலில் அழைக்க வேண்டும், எந்த மருந்து தீர்ந்துபோகிறது என்று நினைத்துக்கொண்டே இருப்பதும் வேலைதான். அதற்குக் களைப்பு உண்டு. மாப்பிள்ளையிடம் 'கொஞ்சம் உதவுங்கள்' என்று கேட்காமல், பயணம் முழுவதும் உங்கள் பொறுப்பு, அல்லது விருந்தினர் தங்கும் ஏற்பாடு முழுவதும் உங்கள் பொறுப்பு என்று முழுசாகக் கொடுத்துவிடு. அவர் செய்யும் விதம் உன் விதமாக இராது, அதில் தலையிடாதே. பண்டிகை நாளில் மனம் கனத்தாலும் யாரிடமும் மறைக்க வேண்டியதில்லை, போனவர்களின் நினைவு அந்த நாளில்தான் அதிகம் வரும். ஆனால் பண்டிகை முடிந்த பின்பும் இரண்டு வாரங்களுக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், உறக்கமும் பசியும் மாறியே இருந்தால், அலுப்பு என்று ஒதுக்காமல் மருத்துவரைப் பார்.

இந்த ஞாயிற்றுக்கிழமை நீயும் மாப்பிள்ளையும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, மொத்தச் செலவு எவ்வளவு, எந்த அழைப்புகளை ஏற்பது, எவற்றை மரியாதையாகத் தவிர்ப்பது என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதிவிடுங்கள். சம்பந்தி வீட்டாரிடம் சொல்ல வேண்டியதை மாப்பிள்ளையே பேசட்டும், நீ பேசினால் அது வேறாகக் கேட்கும். எங்களுக்கு இம்முறை எதுவும் வாங்க வேண்டாம். கூட்டத்தில் அடித்துப்பிடித்து முதல் நாளே வந்து சேரவும் வேண்டாம். கூட்டம் குறைந்தபின், பயணச்சீட்டு விலையும் இறங்கியிருக்கும் நாளாகப் பார்த்து வாருங்கள். அம்மாவிடம் பேசிவிட்டேன். முதலில் முகம் சுளித்தாள், பிறகு "எப்போது வந்தாலும் நாலு நாள் சேர்ந்தாற்போல் இருக்க வேண்டும்" என்றாள். தேதியை முடிவு செய்துவிட்டு அவளிடமே நேரில் சொல்லிவிடு.

அன்புடன்,
அப்பா